தார் பாதி, சரளை பாதி: டியூப்லெஸ் டயர் முரண்டு பிடித்தால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சைக்கிள் ஓட்டும் பாதை 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மதுரையிலிருந்து அழகர்கோவில் ரோடு வரைக்கும் நல்ல தார். அங்கிருந்து பிரிந்தால் கண்மாய்க்கரை, செம்மண் வண்டிப்பாதை, லாரி போய்ப் போய் நொறுங்கிக் கிடக்கும் ஜல்லி ரோடு. இந்த ஒரே பாதைக்கு இரண்டு வருடத்தில் மூன்று செட் டியூப்லெஸ் டயர் வாங்கினேன். முதல் செட், தேர்வு தப்பு. இரண்டாவது செட்டில் டயர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூட ஒட்டும் ரிம் டேப் செய்த தப்புக்கு டயரைக் கழற்றிப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் "இந்த டயர் வாங்குங்கள்" என்று தொடங்காமல், வண்டி என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் காற்றழுத்தம், அடுத்து டேப், வால்வு, சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்), கடைசியில்தான் டயர். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசை இது. கையில் ஒழுங்காக அளவு காட்டும் பம்ப், சோப்புத் தண்ணீர், வால்வு கோர், அதாவது வால்வுக்குள் திருகியிருக்கும் காற்றடைப்பான், அதைக் கழற்றும் சின்னச் சாவி மூன்றும் இருந்தால் போதும்.

டயர் ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது

பம்பை எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு பக்கம் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். மடித்துப் பெட்டியில் வந்த புது டயரில் இது சகஜம். அவசரம் இல்லையென்றால் உள்ளே ஒரு டியூபைப் போட்டு ராத்திரி முழுக்கக் காற்றோடு வைத்துவிடுங்கள். மடிப்பு நேராகிவிடும். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை உருவுங்கள். இன்னொரு பக்கம் ஏற்கனவே உட்கார்ந்திருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு வால்வு இருக்கும் இடத்தைப் பாருங்கள். வால்வின் ரப்பர் அடிப்பாகத்துக்கு இரண்டு பக்கமும் டயர் விளிம்பு இறங்கியிருக்க வேண்டும். ரப்பர் மேல் ஏறி நின்றால் காற்று அந்தச் சந்தில்தான் ஓடும். விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரைக் கழற்றிவிட்டு அடியுங்கள். கோர் இல்லாத வால்வில் காற்று மொத்தமாகப் பாயும். சாதா பம்பிலேயே பல டயர் ஏறிவிடும்.

என் முதல் டயர் ஏறவில்லை. தெருமுனைப் பஞ்சர் கடைக்குச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். "என்ன தம்பி, சைக்கிளுக்குமா டியூப் இல்லாம?" என்று கடைக்கார அண்ணன் சிரித்தார். அவருடைய கம்ப்ரசர் முனை பைக், கார் வால்வுக்கானது. நம்முடையது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. இதற்கென்றே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. கோரை மாட்டி, அதன் நுனியைத் தளர்த்திவிட்டு, அடாப்டரைத் திருகிக் கொடுத்தேன். "அண்ணே, விட்டு விட்டு அடிங்க" என்றேன். இரண்டாவது தடவையிலேயே டக், டக் என்று சத்தம். விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும் சத்தம் அது. அண்ணன் ஒரு அடி பின்னால் போய்விட்டார். அவர் செய்ததுதான் சரி. முகத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். டயரில் ஒரு அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கும், ரிம்முக்கு ஒன்று இருக்கும். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது.

உட்கார்ந்த பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ரிம்முக்குச் சற்று மேலே டயரில் மெல்லிய கோடு ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அது சுற்றிலும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே மறைந்தால் காற்றை இறக்கிவிட்டு, அங்கே மீண்டும் சோப்புத் தண்ணீர்.

கம்ப்ரசரிலும் ஏறவில்லையா? ரிம்மில் டயர் தொளதொளவென்று கிடக்கிறது என்று பொருள். டேப் இன்னொரு சுற்றுச் சுற்றினால் இறுக்கம் வரும். ரிம் டியூப்லெஸ்ஸுக்காகச் செய்ததே இல்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம், டியூபைப் போடுங்கள். ரிம், டயர் இரண்டிலும் "டியூப்லெஸ் ரெடி" என்று இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் போதாது.

ராத்திரி கல் மாதிரி, காலையில் சப்பை

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது கோளாறு இல்லை. ஒரே ராத்திரியில் மொத்தமும் போனால் சோப்புத் தண்ணீரை எடுங்கள். எங்கே நுரை வருகிறது என்பதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

என் இரண்டாவது செட்டில், ஸ்போக் ரிம்முக்குள் நுழையும் இடத்தில், கடுகு அளவு ஒரு குமிழி வந்து உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எதிர்ப் பக்கத்து ஸ்போக்கிலும் அதேதான். நானோ டயரில்தான் ஓட்டை என்று அதையே தேடிக்கொண்டிருந்தேன். ஸ்போக் துளையில் குமிழி வந்தால் டேப் போயிற்று. எந்த ஸ்போக்கில் வருகிறதோ அங்கேதான் டேப் கிழிந்திருக்கும் என்றும் இல்லை. காற்று டேப்புக்கு அடியில் நுழைந்து, ரிம்மின் உள்கூட்டில் சுற்றி, கிடைத்த துளையில் வெளியே வரும். ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழு டேப்பையும் உரிக்க வேண்டும்.

உரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ரிம்மின் உள்ளகலம் 25 மி.மீ., டேப்பும் 25 மி.மீ. ரிம்மின் உட்புறம் தட்டையாக இருக்காது, நடுவில் பள்ளம் இருக்கும். டேப் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஓரத்துக்கு எட்டாது. உள்ளகலத்தை விட 2 முதல் 4 மி.மீ. அகலமான டேப் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் ரிம்மைத் துடைத்துக் காயவிட்டு, டேப்பை நன்றாக இழுத்து ஒட்டி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வருகிற மாதிரி முடியுங்கள். துளை போடக் கத்தி வேண்டாம், கீறல் பிறகு கிழிசலாக நீளும். கோணி ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் உருகி நிற்கும்.

குமிழி வால்வு அடியில் வந்தால், நட்டைக் கையால் இறுக்குங்கள். பிளையரால் இறுக்குகிறவர்கள் நடு ரோட்டில் டியூப் போட வேண்டி வந்து, நட்டு கழலாமல் நிற்கும்போது என்னை நினைத்துக்கொள்வார்கள்.

டயரின் பக்கவாட்டில் வியர்வை மாதிரி பொடிப்பொடியாகக் கசிகிறதா? மெல்லிய டயர்களில், குறிப்பாகப் பக்கவாட்டுப் பழுப்பு நிறத்தில் வரும் டயர்களில், முதல் சில நாள் இது உண்டு. சக்கரத்தை வாளி மேல் படுக்கவைத்து, பக்கத்துக்கு ஒரு மணி நேரம் விட்டுத் திருப்புங்கள். அப்புறம் ஒரு சுற்று ஓட்டுங்கள். சீலன்ட் உள்ளே பரவி அடைத்துவிடும். இதற்காக டயரைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டியதில்லை.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தது, இப்போது சின்ன முள்ளுக்கும் நிற்கவில்லை

சீலன்ட் காய்ந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

பெரும்பாலான சீலன்ட் அடிப்படையில் ரப்பர் பால்தான். பலவற்றில் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள். பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிரட்டையில் மிச்சமாகி உறைந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்பார்கள். காய்ந்த டயரைத் திறந்தால் உள்ளே கிடப்பதும் அந்த ஒட்டுப்பால்தான். தோல் மாதிரி ஒட்டியிருக்கும், சில சமயம் நெல்லிக்காய் அளவில் உருண்டை பிடித்து உருளும். ஓட்டையை அடைக்க வேண்டிய பால் இப்படித்தான் வீணாகிறது.

பாட்டிலில் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை என்று போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் வெளியே நிற்கும் வண்டிக்கு அந்த ஆறு மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். பார்ப்பது சுலபம்: வால்வு கீழே வருகிற மாதிரி சக்கரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, காற்றை இறக்கி, கோரைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுங்கள். நுனி நனைந்து வந்தால் சரி, உலர்ந்து வந்தால் நிரப்ப வேண்டும். 40 மி.மீ. அகல டயருக்கு முதல் தடவை 60 முதல் 80 மில்லி, பிறகு பாதி. ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள் எல்லாம் அடியில்தான் தங்கும்.

அவசரத்துக்குக் காற்றடிக்கக் கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் குளிர்ந்த வாயு சில சீலன்ட்டை உள்ளேயே திரித்துவிடும். வீடு வந்ததும் இறக்கிவிட்டுச் சாதாக் காற்று அடித்து, பால் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முள், முள், முள்

நம் பக்கத்தில் டியூப்லெஸ்ஸுக்கு மாறவே இது ஒன்று போதும். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம், தரையோடு நெருஞ்சி. நெருஞ்சி முள் சிறிது; அது போடும் ஓட்டையைப் புது சீலன்ட் நீங்கள் கவனிக்கும் முன்னேயே அடைத்துவிடும். கருவேல முள் அப்படி இல்லை. இரண்டு அங்குலம் வரை வளரும், காய்ந்தால் ஆணி. வெட்டிப் போட்ட விறகுக் கட்டு இழுத்துப் போன தடத்தில் ஏறினால் ஒரே நேரத்தில் நாலைந்து குத்தும்.

குத்திய முள்ளை உடனே பிடுங்காதீர்கள். காற்று போகவில்லை என்றால், வெளியே நீட்டியிருப்பதை ஒடித்துவிட்டு வீடு போய்ச் சேருங்கள். போகிறதென்றால், பிடுங்கிவிட்டு ஓட்டையைத் தரைப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். பால் அங்கே தேங்கி அடைக்கும். அடைக்காவிட்டால் பிளக், அதாவது ஓட்டைக்குள் செருகும் ரப்பர் கயிறு. பைக் பஞ்சர் கடையில் போடும் கயிறு சைக்கிள் டயருக்குத் தடிமன், ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். சைக்கிளுக்கென்று ஒல்லியாக வருவதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழி டியூப். இங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள், நானும் மாட்டினேன். ஒரு நாள் நத்தம் ரோட்டுப் பக்கம் டியூபைப் போட்டுக் காற்றடித்தேன். ஐந்து நிமிடத்தில் சப்பை. இன்னொரு டியூப், அதுவும் சப்பை. வீட்டுக்கு ஆட்டோவில் வந்து டயரை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் பதினான்கு முள் நுனிகள், மீன் செதிள் மாதிரி வெளிச்சத்தில் மினுங்கின. மாதக்கணக்கில் குத்தி, பால் அடைத்து, எனக்குத் தெரியாமலே உள்ளே நின்றவை. டியூப் இல்லாதவரை அவை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் தடவ வேண்டும், விரலால் வேண்டாம். பழைய பருத்தித் துணியால் தடவினால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். அங்கே சின்ன பிளையரை வைத்துப் பிடுங்குங்கள்.

தாரில் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது

இது டயர் தேர்வின் கோளாறு, என் முதல் செட்டின் கதை. படத்தில் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று, மேலெல்லாம் ரப்பர் முடிச்சுகள் துருத்தி நிற்கும் பட்டன் டயர் வாங்கினேன். தாரில் ஒவ்வொரு பட்டனும் மடங்கி எழும், அதற்கான பலம் நம் காலிலிருந்துதான் போகிறது. 25 கிலோமீட்டருக்குத் தேனீக்கூட்டம் பின்னால் வருகிற மாதிரி சத்தம் வேறு. பாதையில் பாதிக்கு மேல் தார் என்றால் நடுப்பகுதி வழவழப்பாக அல்லது மிக நெருக்கமான சின்னப் புள்ளிகளோடு, ஓரத்தில் மட்டும் பட்டன் இருக்கிற டயர் போதும். டபிள்யூடிபி பைவே, மேக்சிஸ் ரிசெப்டர், பானரேசர் கிராவல்கிங் எஸ்எஸ் எல்லாம் இந்த வகை. சரளை கொஞ்சம் கூடுதல் என்றால் கான்டினென்டல் டெர்ரா ஸ்பீடு மாதிரி நெருக்கமான குட்டிப் பட்டன்.

கெட்டித்தரையில் பிடிப்பைத் தருவது பட்டன் என்று நினைக்கிறோம். காய்ந்த கண்மாய்க்கரையில், வண்டிப்பாதையில் அதைத் தருவது அகலமும் சரியான அழுத்தமும்தான். பட்டன் பயன்படுவது சேற்றிலும் புல்லிலும் உதிரி மண்ணிலும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் பக்கம் போனால் எந்த டயரும் பட்டனெல்லாம் மறைந்து மண் உருண்டையாகத்தான் திரும்பும், அதற்கென்று தனி டயர் வாங்குவது வீண்.

சரளையில் முன்சக்கரம் தத்துகிறது, ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றுகிறது

டயரை மாற்றும் முன் காற்றை இறக்குங்கள். பஞ்சர் கடையில் கை வைத்து அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு, போங்க" என்பார்கள். அது டியூப் காலத்துக் கணக்கு. நான், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ. 40 மி.மீ. டயரில் முதல் மாதம் 55 பிஎஸ்ஐ அடித்து ஓட்டினேன். ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் இறங்கியது. இப்போது முன்னால் 32, பின்னால் 35. முழுக்கத் தார் என்றால் இரண்டிலும் 4 கூட்டிக்கொள்வேன். உங்கள் எடைக்கு ஏற்ப இதிலிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரு தடவைக்கு 2 பிஎஸ்ஐ மட்டும். கண்மாய்க்கரையில் ஒரே இடத்தை இரண்டு அழுத்தத்தில் ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஒரு சின்னச் சங்கதி: விடியற்காலை வீட்டில் அளந்த 40 பிஎஸ்ஐ, வண்டி வெயிலில் நின்று டயர் 20 டிகிரி சூடானால் 43, 44 ஆகிவிடும். வழியில் அளந்து பயந்து இறக்க வேண்டாம்.

வளைவில் புஸ், பள்ளத்தில் டங்

இரண்டும் அதற்கு நேர் எதிரான தப்பு: காற்று குறைவு. வளைவில் டயர் பக்கவாட்டில் சாய்ந்து விளிம்பு ஒரு கணம் ரிம்மை விட்டு விலகினால் புஸ்ஸென்று காற்றும் கொஞ்சம் பாலும் வெளியேறும். டங் என்பது ரிம் கல்லில் அடிக்கும் சத்தம். 3 பிஎஸ்ஐ கூட்டியும் நிற்கவில்லை என்றால் டயர் உங்கள் எடைக்கு ஒல்லி. 35 மி.மீ. போட்டிருந்தால் 40க்குப் போங்கள்.

காற்றைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. இப்போது பல சக்கரங்கள் ஹூக்லெஸ். ரிம்மின் ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இருக்காது. அவற்றில் உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயரில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. 40 மி.மீ. ஓட்டும் நமக்கு அந்த எல்லை வெகு தூரம். ஆபத்து வேறு இடத்தில்: 200 கி.மீ. பிரெவே (நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) போகிறோம் என்று அதே அகல ரிம்மில் 28 மி.மீ. ரோடு டயரை மாட்டி, கல் மாதிரி காற்றடிக்கிறவர்களுக்கு. 2024 பிப்ரவரியில் யூஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட்டின் டயர் ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தபோது, இந்த அகலப் பொருத்தம்தான் பெரிய சர்ச்சை ஆனது. ரிம் தயாரித்தவர்கள் எந்த டயர், எந்த அகலம் என்று பட்டியல் தருவார்கள். மற்ற எதை மீறினாலும் அதை மீறாதீர்கள்.

பக்கவாட்டில் கிழிந்துவிட்டது

உடைத்த கருங்கல் ஜல்லி கத்தி மாதிரி. தரையில் படும் பகுதி தடிமனாக இருக்கும், பக்கவாட்டு மெலிதுதான். அங்கே கிழிந்தால் பால் அடைக்காது, பிளக்கும் நெடு நேரம் நிற்காது. உள்ளே ஒரு துண்டுப் பழைய டயரை வைத்து, டியூபைப் போட்டு, குறைந்த காற்றில் மெதுவாக வீடு வாருங்கள். என் பையில் மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிய பழைய ரோடு டயர்த் துண்டு எப்போதும் இருக்கும்.

ஒரு தடவை கிழிந்தால் துரதிர்ஷ்டம். இரண்டாவது தடவையும் அதே ஜல்லி ரோட்டில் கிழிந்தால், அதே மாடலில் பக்கவாட்டுப் பாதுகாப்போடு வருவதை வாங்குங்கள். எடை கொஞ்சம் கூடும், ஓட்டம் லேசாக மந்தமாகும். எனக்கு அது சம்மதம்.

பிரேமில் உரசுகிறது

டயரில் 40-622 என்று இருந்தால் 40 அகலம், 622 விளிம்பின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்பதுதான் 700சி. 584 என்றால் 650பி. ஒன்று மற்றதில் ஏறாது. அகலம் மட்டும் ரிம்மைப் பொறுத்து மாறும்: உள்ளகலம் 5 மி.மீ. கூடினால் டயர் சுமார் 2 மி.மீ. பருக்கும். காற்றடித்த டயரை வெர்னியரால் அளந்து, இரண்டு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. சந்து இருக்கிறதா பாருங்கள். உங்கள் பிரேம் கையேட்டில் இன்னும் அதிகம் கேட்டிருந்தால் அதுதான் சரி. செம்மண் ஒட்டினால் அந்தச் சந்து எங்கே போகும் என்று தெரியாது.

எல்லாம் சரிபார்த்தும் டயர்தான் என்றால்

என் மூன்றாவது செட், இப்போது ஓடுவது: 40 மி.மீ., நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னப் பட்டன், பக்கவாட்டுப் பாதுகாப்பு உண்டு. முழுக்கத் தார் என்றால் 32, 35 மி.மீ. அகலம் போதும். முழுக்கச் சரளை, கல், மலைப்பாதை என்றால் பிரேம் இடம் கொடுக்கும் வரை அகலமாகப் போங்கள். பின் டயர் முன் டயரை விடச் சீக்கிரம் தேயும். ஆனால் புது டயரை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் நேராகத் தரைதான்.

மாதத்துக்கு ஒரு தடவை வண்டியை எடுக்கிறவர்கள், இதையெல்லாம் படித்துவிட்டுத் தலை சுற்றுகிறவர்கள் டியூபிலேயே இருங்கள். பால்கனியில் நிற்கும் வண்டிக்குள் சீலன்ட் ஒட்டுப்பாலாகிக் கிடப்பதை விட, 40 மி.மீ. டயரில் நல்ல டியூபும், பையில் ஒரு உதிரி டியூபும் மேல். முள் குத்தினால் அந்த அண்ணன் கடை இருக்கிறது.